மாடியில் வெங்காயம்... வராண்டாவில் பட்டறை!

திருப்பூரில் சனிக்கிழமை பனியன் கம்பெனிச் சம்பளம் கைக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்லடம் ரோடு தென்னம்பாளையம் சந்தையில் கால் வைக்க இடம் இருக்காது. சின்ன வெங்காயம் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிற வாரத்தில் யாரும் விலையே கேட்பதில்லை, பையை மட்டும் நீட்டுவார்கள். 2019 டிசம்பரில் கிலோ 150 ரூபாயைத் தாண்டியபோது அதே ஆட்கள் 'கால் கிலோ போடுங்க' என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். 2023 ஜூலையில் மறுபடியும் அதே நிலை. இத்தனைக்கும் பொங்கலூர், குண்டடம், குடிமங்கலம், தாராபுரம் என்று சின்ன வெங்காயம் விளைகிற ஊர்கள் எல்லாம் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன.

நான் பொங்கலூர்ப் பக்கம் பிறந்து, பிழைப்புக்காக ராயபுரத்துக்கு வந்தவன். குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் மூன்று வருடமாக வெங்காயம் போடுகிறேன். முதல் வருடம் விளைந்ததைவிட வீணானதே அதிகம். என்ன தப்பு செய்தேன், பிறகு எது சரிவந்தது என்பதைச் சொன்னால் நகரத்து வீட்டுத் தோட்டக்காரர்களுக்கும், அவர்களுக்கு யோசனை சொல்லும் தோட்டக்கலை அலுவலர்களுக்கும் உதவும்.

இனிப்பு வெங்காய ஆசை

எனக்கு முதலில் வந்தது இனிப்பு வெங்காய ஆசை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து விடாலியா வெங்காயம் பேர்போனது. பச்சையாகக் கடித்தாலும் கண் எரியாது என்பார்கள். 1931-ல் மோஸ் கோல்மன் என்ற விவசாயி தன் வயலில் விளைந்த வெங்காயம் காரமில்லாமல் இருப்பதைக் கண்டார். அந்த வட்டார மண்ணில் கந்தகச் சத்து மிகக் குறைவு, காரம் இல்லாததற்கு அதுவே காரணம். அந்தப் பகுதியில் விளைவதை மட்டும்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்று 1986-ல் மாநிலச் சட்டமே போட்டுவிட்டார்கள்.

வெங்காயத்தை நறுக்கும்போது அதில் இருக்கும் கந்தகக் கூட்டுப்பொருள் ஒரு நொதியோடு கலந்து காரத்தையும் கண்ணீரையும் கிளப்புகிறது. இனிப்பு வெங்காயத்தில் சர்க்கரை கூடுதல் என்று நினைக்க வேண்டாம். கந்தகக் காரம் குறைவு, நீர்ச்சத்து அதிகம், அவ்வளவுதான். அந்த நீர்ச்சத்தே அதற்கு எமனும் ஆகிறது. இனிப்பு வெங்காயம் வீட்டில் நாள்பட இருக்காது. காரமும் கெட்டித்தன்மையும் உள்ள நம் சின்ன வெங்காயம் மாதக்கணக்கில் நிற்கும்.

வெளிநாட்டு விதை வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வெங்காயம் கிழங்கு கட்டுவது பகல் நீளத்தைப் பொறுத்தது. வட அமெரிக்காவின் வாலா வாலா, ஸ்காட்லாந்தின் எய்ல்சா கிரெய்க் போன்றவற்றுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். திருப்பூரில் ஆனி மாதத்தில்கூடப் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. அந்த விதையைப் போட்டால் தாள் மட்டும் செழிப்பாக வரும், அடியில் ஒன்றும் இருக்காது. நானும் ஒரு பாக்கெட்டுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெங்காயத்தாள் பொரியல் சாப்பிட்டவன்தான். காரம் குறைந்த வெங்காயம் வேண்டும் என்றால் குறும்பகல் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். எர்லி கிரானோ என்ற மஞ்சள் வெங்காயம் நம் நாட்டில் பரிந்துரைக்கப்பட்ட அப்படிப்பட்ட ரகம். இல்லாவிட்டால் பெல்லாரியே போதும். புரட்டாசி, ஐப்பசியில் நாற்று விட்டு, கார்த்திகையில் நட்டால் மாசி, பங்குனியில் வெயில் காயும்போது அறுவடை வரும்.

தண்ணீரைப் பார்த்துவிட்டு விதையைப் பாருங்கள்

முதல் வருடம் வைகாசியில் சின்ன வெங்காயம் நட்டேன். இருபதாம் நாள் தாள் நுனி எல்லாம் மஞ்சளாகிக் கருகியது. நோய் என்று நினைத்து மருந்துக்கடைக்குப் போய் இரண்டு முறை மருந்து வாங்கி அடித்தேன். கருகல் நிற்கவில்லை. வீட்டுக்குத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வந்த பையன் கையில் டி.டி.எஸ். மீட்டர் இருந்தது. அதை வாங்கிப் போர்த் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் 1,400 காட்டியது. நோய் எதுவும் இல்லை, உப்புதான் கருக்கியிருக்கிறது.

காய்கறிகளில் உப்பைத் தாங்காத பயிர்களின் பட்டியலில் வெங்காயம் முன்வரிசையில் இருக்கிறது. உலக உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட பாசனநீர் வழிகாட்டியின் கணக்கை டி.டி.எஸ். அளவுக்கு மாற்றிச் சொன்னால், சுமார் 500 வரை பிரச்சினை இல்லை. 770-ஐத் தொட்டால் மகசூலில் பத்தில் ஒரு பங்கு போகும். 1,150-ல் கால் பங்கு, 1,850-ல் பாதி போய்விடும். இது வயலுக்கான கணக்கு. பையிலோ தொட்டியிலோ உப்பு ஓரிடத்திலேயே தங்கிச் சேர்வதால், கவனிக்காமல் விட்டால் இழப்பு இதைவிடக் கூடும்.

நம் ஊர் நிலத்தடி நீரின் கதையைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறியவை மட்டும் திறக்கப்பட்டதையும் பார்த்தவர்கள் நாம். பூமிக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் வெளியேறுவதில்லை. சாயமேற்றச் சாதா உப்பு மட்டுமில்லாமல் கிளாபர் உப்பும் பயன்படுகிறது. அது சோடியம் சல்பேட், அதாவது அதில் கந்தகம் இருக்கிறது. சல்பேட் கலந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு இனிப்பு வெங்காயத்தை எதிர்பார்க்க முடியாது. விளைந்தாலும் காரமாகத்தான் விளையும்.

ராயபுரத்துக்குள்ளேயே ஒரு போருக்கும் பக்கத்துப் போருக்கும் தண்ணீர் வேறாக இருக்கும். ஆகவே கேள்விப்பட்டதை நம்பாமல் அளந்து பாருங்கள். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டுத் தோட்டப் பயிற்சி நடத்தும் அலுவலர்கள் விதைப் பாக்கெட்டோடு ஒரு மீட்டரையும் கொண்டுவந்து, வந்தவர்கள் பாட்டிலில் கொண்டுவரும் தண்ணீரை அங்கேயே அளந்து காட்டினால் பாதிப் பேருக்கு வீண் செலவு மிச்சமாகும்.

இப்போது நான் பவானித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் இரண்டு டிரம் பிடித்து, அதைத்தான் வெங்காயத்துக்கு ஊற்றுகிறேன். குடிப்பதற்கு வைத்திருக்கும் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பு இன்னும் கூடுதல். வாசல் கழுவலாம், வெங்காயத்துக்கு ஆகாது. பையின் அடியில் வடிந்து தட்டில் நிற்கும் தண்ணீரைத் திரும்ப மேலே ஊற்றுவதும் அப்படித்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை அடி வழியே வடிகிற அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். மழை பெய்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை.

தென்னைநார்க் கழிவு வாங்குபவர்கள் அதையும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்துவிட்டுத்தான் மண்ணில் கலக்க வேண்டும். கழுவாத நாரில் உப்பு உண்டு.

நடவு

நடவில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சித்திரை, வைகாசி ஒரு பட்டம். ஐப்பசி இன்னொரு பட்டம். வேர் ஆழம் போகாது, 20 சென்டிமீட்டர் மண் இருந்தால் போதும். செம்மண், மக்கிய தொழுஉரம், கழுவிய தென்னைநார் மூன்றையும் சம அளவில் கலந்து, தொழுஉரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்தால் வேர் அழுகல் குறையும். நடுத்தர அளவு விதை வெங்காயத்தை விரல்கடை தூரத்தில் அல்லாமல் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக, தலை மண்ணுக்கு மேல் தெரியும்படி அழுத்தி வையுங்கள். விதை வெங்காயம் அறுவடை ஆகி இரண்டு மாதமாவது ஆனதாக இருக்க வேண்டும். பச்சையாக எடுத்ததை நட்டால் உறக்கம் கலையாமல் ஒன்று முளைக்கும், ஒன்று முளைக்காது.

விதையிலிருந்து நாற்று விட்டு நட விரும்புபவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் இருக்கிறது. சின்ன வெங்காயத்தில் இங்கேயே பூத்து விதை பிடிக்கும் ரகம் அது. ஆனால் நாலு பைக்கு நாற்று விட்டுப் பராமரிப்பதைவிட அரைக் கிலோ விதை வெங்காயம் வாங்கி நடுவது சுலபம்.

தாளில் வெள்ளி வெள்ளியாகக் கோடு தெரிந்தால் இலைப்பேன். மாடியில் வெயில் அதிகம் என்பதால் இது வரும். நீல நிற ஒட்டுப்பொறி ஒன்று மாட்டி, வேப்பெண்ணெய்க் கரைசலைத் தாளின் இடுக்கில் படும்படி தெளித்தால் கட்டுப்படும். மழைக் காலத்தில் தாள் முறுக்கிக்கொண்டு சுருளும் திருகல் நோய் வந்த செடியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் பிடுங்கி எறிந்துவிடுங்கள். 40 நாளுக்கு மேல் தழைச்சத்து கொடுக்காதீர்கள். தாள் கரும்பச்சையாகச் செழிக்கும், கழுத்து தடிக்கும். தடித்த கழுத்து வெங்காயம் இருப்புக்கு ஆகாது.

எவ்வளவு விளையும்?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்ல வயலில் சின்ன வெங்காயம் ஹெக்டேருக்கு 12 முதல் 16 டன் வரும். சதுர மீட்டருக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலுக்கு இரண்டு அடி வளர்ப்புப் பையில் எனக்குக் கிடைப்பது சுமாராக ஒரு கிலோ. ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு மாதம் மூன்று கிலோ வேண்டும், வருடத்துக்கு 36 கிலோ. இரண்டு பட்டமும் போட்டால்கூட 18 பைகள் தேவை. ஈரமண்ணோடு ஒரு பை 150 கிலோவுக்குக் குறையாது. 18 பைகள் என்றால் இரண்டே முக்கால் டன். லைன் வீட்டு மாடி தாங்குமா என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் இறங்காதீர்கள். பைகளை மாடி நடுவில் வைக்காமல் சுவரும் பீமும் போகிற வரிசையில் வையுங்கள்.

என் மாடியில் இருப்பது ஐந்து பை. விலை ஏறும் காலத்தில் குடும்பத்தைக் காப்பாற்றுவது அந்த ஐந்து பையில் வரும் ஐந்து கிலோ இல்லை. விலை இறங்கிக் கிடக்கும்போது நன்றாகக் காய்ந்த வெங்காயத்தை வாங்கிக் கெடாமல் வைத்துக்கொள்வதுதான். மாடியில் போடும் வெங்காயம் அதற்கான பாடசாலை. எது காய்ந்தது, எது காயாதது என்று கைக்குத் தெரிய வேண்டுமே.

'கழுத்து வத்தோணும் கண்ணு'

முதல் வருடம் கருகலுக்குத் தப்பியதையும் சந்தையில் வாங்கிய பத்துக் கிலோவையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கிரேட்டில் போட்டு, மேலே சாக்கை மூடி, மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். வெயில் படாத இருட்டு இடம்தானே என்று நினைத்தேன். ஐப்பசி மழையில் மூன்று வாரம் திறந்து பார்க்கவில்லை. வாடை வந்த பிறகுதான் திறந்தேன். அடிப்பாதி கூழாகிவிட்டது, மேல்பாதி முளைத்திருந்தது.

தீபாவளிக்கு வந்திருந்த அம்மா கிரேட்டைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, பட்டறை போட்ட வீட்டுல பொறந்துட்டு வெங்காயத்தைப் பொட்டியில போட்டு மூடி வெச்சிருக்கிறயே? காத்துப் போகாட்டி வேக்காடு எடுத்துப் போயிருமல்லோ" என்றார். அதிலிருந்து நல்லதைப் பொறுக்கிக் கையில் எடுத்து, கழுத்தை நசுக்கிக் காட்டினார். மெத்தென்று இருந்தது. "இதப் பாரு, கழுத்து வத்தவே இல்ல. கழுத்து வத்தோணும் கண்ணு, அப்பறந்தான் இருப்பு."

அம்மா சொன்ன வழியும் வேளாண் துறையினர் சொல்வதும் ஒன்றுதான். பாதித் தாள்கள் தானாகச் சாய்ந்ததும் அறுவடைக்குத் தயார். அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பிடுங்கியவுடன் தாளை அறுக்கக் கூடாது. ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி பரப்பி மூன்று நான்கு நாள் விட வேண்டும். மொட்டை மாடித் தளத்தில் நேர் வெயிலில் போட்டால் காய் வெந்துவிடும், நிழல்வலைக்கு அடியில் போடுங்கள். தாளில் இருக்கும் ஈரம் வற்றிக் கழுத்து கயிறு மாதிரி ஆன பிறகு, இரண்டு சென்டிமீட்டர் விட்டு அறுக்கலாம். ஒட்ட அறுத்தால் அந்த வாய் வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். மண்ணைக் கையால் தட்டிவிடுங்கள். கழுவவே கூடாது.

சந்தையில் மொத்தமாக வாங்கும்போதும் இதே சோதனைதான். கழுத்தை நசுக்கிப் பாருங்கள், மேல்தோல் சலசலக்கிறதா என்று கையில் அள்ளிப் பாருங்கள். ஈரக் காய் விலை குறைவு என்று வாங்கினால் குறைந்த விலை முழுக்கக் கழிவில் போய்விடும். உழவர் சந்தைக்கு வரும் விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. இருப்பு வைப்பதற்கென்றே கேட்டு வாங்குகிற ஆட்கள் நகரத்தில் கூடிவருகிறார்கள். காய்ந்த காயைத் தனிக் கூறாக வைத்து, இது இருப்புக்காய் என்று சொல்லி விற்றால் கூடுதல் விலை தரத் தயங்க மாட்டார்கள்.

பட்டறையின் சூத்திரம்

எங்கள் பக்கம் தோட்டங்களில் போடும் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். அடியில் கல் அடுக்கி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மூங்கிலோ குச்சியோ பரப்பி, சுற்றிலும் படல் கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்வார்கள். நீளம் எவ்வளவும் போகலாம், அகலம் மட்டும் நான்கைந்து அடிக்கு மேல் போகாது. அதற்குக் காரணம் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வருகிற காற்று பட்டறையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். அதனால் பட்டறையை வடக்கு தெற்காக நீட்டிக் காற்றுக்கு அகலத்தைக் காட்டுவார்கள். அகலம் கூடினால் நடுவில் இருக்கும் காய்க்குக் காற்று எட்டாது, அங்கேதான் முதலில் அழுகும்.

சாதாரண வெப்பத்தில் வெங்காய இருப்புக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பமும் 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் ஏற்றவை. குளிர்பதனக் கிடங்கு என்றால் பூஜ்ய டிகிரி. இரண்டுக்கும் இடைப்பட்ட 10, 15 டிகிரியில்தான் முளைப்பு வேகமாக வரும். வீட்டு ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் ஈரமும் அதிகம், அங்கே வைக்காதீர்கள். உருளைக்கிழங்கோடு ஒரே கூடையில் போடுவதையும் நிறுத்துங்கள். ஒன்றின் ஈரம் மற்றதைக் கெடுக்கும். டன் கணக்கில் இருப்பு வைக்கும் விவசாயிகள் வெங்காயக் கிடங்குக்கு மானியம் இருக்கிறதா என்று வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

பனியன் துணியும் மெஷ் துணியும்

விடாலியா பக்கத்து வீடுகளில் பெண்களின் பழைய நைலான் காலுறையில் ஒரு வெங்காயம் போட்டு முடிச்சு, அடுத்தது போட்டு முடிச்சு என்று தொங்கவிடுவார்களாம். வேண்டும்போது கடைசி முடிச்சுக்குக் கீழே வெட்டி எடுப்பார்கள். இதைப் படித்ததும் எனக்குக் கொண்டாட்டம். குழாய் மாதிரித் துணி பின்னுகிற ஊரில் இருந்துகொண்டு இதற்கா பஞ்சம்? கட்டிங் வேஸ்ட் கடையில் பருத்திப் பனியன் துணி வாங்கி வந்து முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டேன். அதுவும் தப்பாகப் போனது. வியர்வையை உறிஞ்சத்தான் பருத்திப் பனியன் போடுகிறோம். மழைநாளில் அந்தத் துணி காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி வெங்காயத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டியது போல ஆகிவிட்டது.

பிறகு விளையாட்டு டீசர்ட்டுக்குத் தைக்கும் ஓட்டை ஓட்டையான பாலியெஸ்டர் மெஷ் துணியில் போட்டேன். அது ஈரத்தைப் பிடிப்பதில்லை, காற்றும் நன்றாகப் போகிறது. கட்டிங் துண்டுகளை ஒரு முழ அகலத்துக்கு நீளவாக்கில் தைத்தால் குழாய் தயார். தையல்காரர் இல்லாத வீடு ராயபுரத்தில் ஏது? பெல்லாரி என்றால் முடிச்சுக்கு ஒன்று. சின்ன வெங்காயம் என்றால் முடிச்சுக்கு ஒரு வேளைச் சமையலுக்கான இரண்டு கைப்பிடி. ஒரு முடிச்சு கெட்டாலும் அடுத்ததற்குப் பரவாது. வராண்டாவில் மேற்குக் காற்று வருகிற பக்கம் கம்பி கட்டி, சாரல் படாத உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். எட்டுக் குழாயில் இருபது கிலோ அடங்குகிறது. சைசிங் மில், கம்ப்ரசர் பக்கத்து வீட்டுக்காரர்கள் சூடும் ஈரமும் அடிக்கும் சுவரைத் தவிர்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை, சந்தைக்குப் போகும் முன் குழாய்களை மூக்கால் சோதியுங்கள். வாடை அடிக்கிற முடிச்சை உடனே வெட்டி எடுங்கள். மேல்தோலில் கரி தடவியது போலக் கருப்புப் பூஞ்சை தெரிந்தால் தோலை உரித்துக் கழுவிச் சீக்கிரம் சமைத்துவிடுங்கள். சதைக்குள்ளே இறங்கியிருந்தால் எறிந்துவிடுங்கள். எடை குறைவது இயல்பு, அது ஈரம் போவதுதான், கெட்டுப்போவது இல்லை. சாப்பிடும் வரிசையும் முக்கியம். தடித்த கழுத்தும் அடிபட்டதும் முதல் வாரத்தில், பெல்லாரியும் காரம் குறைந்தவையும் அடுத்து, கெட்டியான சின்ன வெங்காயம் கடைசியில். இந்த வரிசையில் போன வருடம் பங்குனியில் கட்டியதை ஆடி முடிய வைத்துச் சமைத்தோம். கழிவு ஒரு கிலோவைத் தாண்டவில்லை.

கடைசிக் குழாய் ஒன்றை மட்டும் நான் சமையலுக்குத் தொடுவதில்லை. நடுத்தர அளவில், கொத்துக்கு ஐந்தாறு பிரிந்த செடிகளிலிருந்து பொறுக்கிய அரைக் கிலோ அதில் இருக்கிறது. கழுத்தில் பச்சை முனை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறது. ஐப்பசி மழை மாடிப் பைகளின் உப்பைக் கழுவிவிட்ட பிறகு அதை நட வேண்டும்.